பச்சைத் துண்டும் வாக்குச் சீட்டும்

சென்ற பருவத்தில் ஒரு நாள், வகுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாற்றைப் பேராசிரியர் நடத்திக்கொண்டிருந்தார். பிரிட்டன் 1973-இல் அந்தக் கூட்டமைப்பில் சேர்ந்ததையும், 2016-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, 2020 ஜனவரி 31-ஆம் நாள் அதிலிருந்து வெளியேறியதையும் சொல்லி வந்தவர், இடையில் ஒரு செய்தியைச் சொன்னார். ஸ்டூவர்ட் அக்னியூ என்ற விவசாயி, இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக்காரர். ஐரோப்பிய ஒன்றியமே வேண்டாம் என்ற கட்சியின் சார்பில் போட்டியிட்டு, 2009 முதல் 2019 வரை அதே ஒன்றியத்தின் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தாராம். வகுப்பு சிரித்தது. வேண்டாம் என்று சொல்லும் வீட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டு, "இந்த வீடு வேண்டாம்" என்று பேசுவது வேடிக்கைதானே!

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு நண்பன் எழுந்து, "ஐயா, நம் ஊரில் இப்படி ஏர் பிடித்தவர் யாரும் அரசியலுக்கு வந்ததில்லையா?" என்று கேட்டான். பேராசிரியர் புன்னகையுடன், "நீங்களே தேடிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு மணியடித்ததும் போய்விட்டார்.

நான் வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டு மரப்பெட்டியின் அடியில் ஒரு பச்சைத் துண்டு இருக்கிறது. என் தாத்தாவின் துண்டு அது. சாயம் போய், மடித்த இடங்களில் இழை விட்டுப்போன அந்தத் துண்டைப் பற்றிக் கேட்டால், அவர் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வார்: நாராயணசாமி நாயுடு.

இன்றைய மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? நடிகர்களின் பிறந்த நாள் தெரிந்த நமக்கு, நம் தோட்டத்து மோட்டார் கட்டணமின்றி ஓடுவதற்குப் பின்னால் யார் இருந்தார் என்பது தெரியாது. ஆகவேதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். வரலாறு சொல்வதோடு நிற்காமல், அவருடைய பொதுவாழ்வின் கடைசிக் கட்டத்தைப் பற்றி எனக்குத் தோன்றும் ஒரு கருத்தையும் சொல்ல விரும்புகிறேன். கருத்தில் பிழையிருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள்க.

ஒரு பைசாவின் கணக்கு

கோவை மாவட்டம் வையம்பாளையத்தில் 1925-ஆம் ஆண்டு பிறந்தவர் சி. நாராயணசாமி நாயுடு. விவசாயமே அவர் தொழில். 1960-களில் கோவை வட்டார விவசாயிகளை ஒன்று சேர்த்த அவர், 1973-இல் தமிழக விவசாயிகள் சங்கம் மாநிலம் முழுதுக்குமான அமைப்பாக உருவானபோது அதன் தலைவராக நின்றார்.

அவர் எடுத்துக்கொண்ட முதல் பெரும் பிரச்சினை மின்சாரக் கட்டணம். தஞ்சைத் தரணியில் காவிரி நீர் வாய்க்காலில் தானே ஓடி வரும். விவசாயி மடையைத் திறந்தால் போதும். கோவைக்கும், சேலத்துக்கும், நம் தருமபுரிக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. இங்கே தண்ணீர் கிணற்றின் அடியில் கிடக்கிறது. அதை மேலே கொண்டுவர முதலில் கவலையும் ஏற்றமும் இருந்தன. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு மேற்கு மாவட்டங்களில் மின்சாரப் பம்புசெட்டுகள் பெருகின. அன்று முதல் இப்பகுதி விவசாயிக்கு மின்சாரத்தின் விலைதான் தண்ணீரின் விலை.

1970-இல் விவசாய மின்சாரக் கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டது. "இரண்டு பைசாவுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று நகரத்தவர் கேட்டிருக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 குதிரைத் திறன் மோட்டார் ஒரு மணிக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் யூனிட் எடுக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 30 யூனிட். ஆண்டுக்கு 200 நாள் ஓடினால் 6,000 யூனிட். இரண்டு பைசா உயர்வு என்றால் ஆண்டுக்கு 120 ரூபாய். அன்றைய 120 ரூபாய்! அதுவும் மழை பொய்த்துக் கிணறு இறங்கிய ஆண்டில் மோட்டார் இன்னும் அதிக நேரம் ஓட வேண்டும். அதாவது விளைச்சல் குறையும் ஆண்டில்தான் கட்டணம் கூடும். இந்த அநீதியைக் கல்லூரிப் படிப்பில்லாத விவசாயிகள் எளிதில் புரிந்துகொண்டார்கள்.

போராட்டம் மூண்டது. 1970 ஜூன் 19-ஆம் நாள் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் மாண்டனர். அதன் பிறகு ஒரு பைசா குறைக்கப்பட்டது. ஒரு பைசாவுக்கு மூன்று உயிர்கள்! இந்தக் கணக்கை எந்தப் பொருளாதாரப் பாடநூலில் எழுதுவது?

1972-இல் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது, கோவை நகரத்துச் சாலைகளில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளை நிறுத்தி நகரையே அசையாமல் செய்தார்கள். ஆயுதம் இல்லை, கல் இல்லை, வண்டியும் மாடும்தான். அவ்வாண்டு ஜூலை 5-ஆம் நாள் பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. விவசாயிகள் பலர் உயிரிழந்தனர். இன்றும் ஜூலை 5-ஐ விவசாய சங்கங்கள் உழவர் தியாகிகளின் நாளாக நினைவுகூர்கின்றன. 1978-இல் வேடசந்தூரிலும் குண்டு பாய்ந்தது. ஆளும் கட்சி மாறியிருந்தது. விவசாயியின் மார்பு மாறவில்லை.

சங்கத்தின் பச்சைத் துண்டு தமிழகமெங்கும் பரவியது. 1980 டிசம்பரில் ஐதராபாத்தில் பல மாநில விவசாயத் தலைவர்கள் கூடிப் பாரதிய கிசான் யூனியனை அமைத்தபோது, அதன் தலைவராக நாராயணசாமி நாயுடுவைத் தேர்ந்தெடுத்தார்கள். 2020-இல் தில்லி எல்லையில் விவசாயிகள் திரண்டபோது நாம் செய்திகளில் பார்த்த அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வையம்பாளையத்து விவசாயி இருக்கிறார் என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தியன்றோ!

சங்கம் கட்சியானது

1982-ஆம் ஆண்டு அவர் ஒரு முடிவெடுத்தார். இந்திய விவசாயிகள் உழைப்பாளர்கள் கட்சி என்ற அரசியல் கட்சியைத் தொடங்கினார். பன்னிரண்டு ஆண்டுகளாக மனுக் கொடுத்தும், மறியல் செய்தும், சிறை சென்றும் கண்டது என்ன? சட்டம் இயற்றும் இடத்தில் நம் ஆள் இல்லாதவரை, கேட்டுப் பெறுபவனாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்திருக்க வேண்டும்.

ஆனால் மக்கள் வாக்களிக்கவில்லை. அவர் கூட்டங்களுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த விவசாயிகள், வாக்குச்சாவடியில் தம் பழைய கட்சிகளையே தேடினார்கள். 1984 டிசம்பர் 21-ஆம் நாள், தேர்தல் பிரசாரத்துக்காகச் சென்றிருந்த கோவில்பட்டியில் அவர் மாரடைப்பால் காலமானார். மூன்று நாள் கழித்துத் தமிழகம் வாக்களித்தது. இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம் ஆகவில்லை, எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்தார். அந்த அனுதாப அலையில் மின்கட்டணத்தையும் விளைபொருள் விலையையும் யார் நினைப்பார்?

என் தாத்தாவிடம் ஒருநாள் இதைக் கேட்டேன்.

"ஏன் தாத்தா, அவர் கூப்பிட்ட போராட்டத்துக்கெல்லாம் போனீங்களே, ஓட்டு மட்டும் ஏன் போடல?"

அவர் சற்று நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சங்கம் கெணத்துக்குக் கண்ணு. ஓட்டு கட்சிக்கு. ரெண்டும் வேற வேற."

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். தாத்தா ஒருவரின் பதிலாக அது எனக்குப் படவில்லை. பச்சைத் துண்டு போட்ட பல்லாயிரம் பேரின் பதிலாகவே பட்டது.

மற்றவர்கள் கதை

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய கதையன்று. நம் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 1980-இல் கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம் தோன்றியது. அதன் தலைவர் எம்.டி. நஞ்சுண்டசாமி சட்டப் பேராசிரியராக இருந்தவர். பிரஸ்ஸல்ஸ் நகரத்து அதிகாரிகளை ஐரோப்பிய விவசாயி எப்படிச் சந்தேகித்தாரோ, அப்படியே ஜெனிவாவில் எழுதப்பட்ட வாணிப ஒப்பந்தங்களை அவர் சந்தேகித்தார். எங்கோ இருப்பவர் எழுதும் விதி என் விதையையும் என் விலையையும் ஏன் தீர்மானிக்க வேண்டும் என்பதே அவர் கேள்வி. 1995-இல் உலக வாணிப அமைப்பு தோன்றும் முன்பே டங்கல் வரைவை எதிர்த்துப் பெருங்கூட்டங்கள் நடத்தினார். 1999-இல் நூற்றுக்கணக்கான இந்திய விவசாயிகள் ஐரோப்பா சென்று அங்குள்ள நகரங்களில் ஊர்வலம் போனபோது, அதில் முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அவர் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஆனால் ஆட்சியை அசைக்கும் அளவுக்கு அவர் இயக்கம் தேர்தலில் வளரவில்லை.

மகாராஷ்டிரத்தில் சரத் ஜோஷி இதற்கு நேர் எதிரானவர். சுவிட்சர்லாந்தில் சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தில் உத்தியோகம் பார்த்தவர், அதை விட்டுவிட்டுப் பூனாவுக்கருகில் நிலம் வாங்கி விவசாயியானார். ஷேத்கரி சங்கடனையைத் தொடங்கி வெங்காய விலைக்காகப் போராடினார். தூரத்து அதிகாரத்தைக் கண்டு நஞ்சுண்டசாமி அஞ்சினார் என்றால், பக்கத்து அதிகாரத்தைக் கண்டு ஜோஷி அஞ்சினார். உள்நாட்டு அரசுதான் விவசாயியின் விலையை அமுக்குகிறது, உலகச் சந்தை திறக்கட்டும் என்றார். 1994-இல் கட்சியும் தொடங்கினார். அவரும் பெரும் வெற்றி காணவில்லை. 2004 முதல் 2010 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்ததோடு சரி.

உத்தரப்பிரதேசத்தின் மகேந்திர சிங் திகாயத் வேறு வழியில் சென்றார். 1987-இல் மின்கட்டணப் போராட்டத்தால் புகழ்பெற்ற அவர், 1988-இல் தில்லி போட் கிளப் மைதானத்தையே விவசாயிகளால் நிரப்பியவர். ஆனால் தம் அமைப்பைக் கட்சியாக மாற்ற அவர் இசையவில்லை.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2020 செப்டம்பரில் நிறைவேறிய மூன்று வேளாண் சட்டங்களை, தில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் அமர்ந்து போராடிய விவசாயிகள் 2021 நவம்பரில் திரும்பப் பெறச் செய்தார்கள். சுதந்திர இந்தியாவில் இவ்வளவு பெரிய விவசாய வெற்றி அரிது. அதே ஆண்டு டிசம்பரில் பஞ்சாபின் பல சங்கங்கள் சேர்ந்து சம்யுக்த சமாஜ் மோர்ச்சா என்ற பெயரில் தேர்தலில் இறங்கின. 2022 பிப்ரவரியில் வாக்குப்பதிவு. ஓரிடத்திலும் வெற்றியில்லை! மத்திய அரசையே பணிய வைத்தவர்களால் ஒரு தொகுதியைப் பிடிக்க முடியவில்லை.

தேர்தல் முறையும் ஒரு காரணம்

இதைக் கண்டு, "விவசாயி ஏமாளி, சாதிக்கும் காசுக்கும் வாக்களிப்பவன்" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. என் தாத்தாவை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வராதது ஒருபுறம் இருக்கட்டும்; உண்மையும் அதுவன்று.

அந்த ஆங்கிலேய விவசாயியின் கதைக்கே மீண்டும் வருவோம். அவர் கட்சி 2015-இல் பிரிட்டிஷ் பொதுத் தேர்தலில் 12.6 சதவீத வாக்குகள் பெற்றது. கிடைத்ததோ ஒரே ஓர் இடம். காரணம், அங்கும் நம்மைப் போலவே தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவர் மட்டுமே வெல்லும் முறை. ஆனால் ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் பெற்ற வாக்கின் விகிதத்துக்கேற்ப இடங்கள் கிடைக்கும். ஆகவே உள்நாட்டு மன்றத்தில் நுழைய முடியாதவர்கள், தாம் வெறுத்த ஐரோப்பிய மன்றத்தில் எளிதாக நுழைந்தார்கள். பிரான்சில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த ஜோசே பொவே என்ற விவசாயத் தலைவரும் இப்படித்தான். அவர் 2005-இல் ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். 2007-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஒன்றரை சதவீத வாக்குக்கூடப் பெறவில்லை. ஆனால் 2009-இல் பசுமைக் கட்சியினரின் கூட்டுப் பட்டியலில் இடம்பெற்று ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குச் சென்று பத்தாண்டுகள் அங்கே இருந்தார்.

நம் நாட்டில் அத்தகைய வாசல் இல்லை. பத்துத் தொகுதிகளில் பத்துப் பத்து சதவீத வாக்கு வாங்கினாலும் கையில் வருவது பூச்சியமே. இதை என் தாத்தா அறிவார். தோற்கப்போகிற நல்லவருக்குப் போடுவதைவிட, ஆட்சிக்கு வரப்போகிறவரோடு இருப்பது மேல் என்று விவசாயி நினைப்பதில் ஓர் அனுபவ ஞானம் இருக்கிறது. நாளைக்குத் தாலுகா அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியவர் அவரல்லவா?

விட்டுப்போனவர்கள்

இருந்தாலும் தேர்தல் முறையின் மீதே முழுப் பழியையும் போடுவது நேர்மையாகாது. சங்கத்தின் கோரிக்கைகளைத் திரும்பப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. மின்கட்டணம் யாருக்கு? கிணறும் பம்புசெட்டும் உள்ளவருக்கு. கடன் தள்ளுபடி யாருக்கு? கடன் வாங்கத் தகுதியாய்ப் பட்டா வைத்திருந்தவருக்கு. விளைபொருள் விலை யாருக்கு? விற்கும் அளவுக்கு விளைவித்தவருக்கு.

நம் நல்லம்பள்ளிப் பக்கத்திலேயே பாருங்கள். கிணற்றுத் தோட்டம் உள்ளவர் எத்தனை பேர்? வானம் பார்த்த புன்செயில் கேழ்வரகும் அவரையும் விதைத்துவிட்டு, மழை வருமா என்று பார்த்திருப்பவர் எத்தனை பேர்? ஒரு குழிகூட இல்லாமல் பிறர் நிலத்தில் களையெடுப்பவர் எத்தனை பேர்? களை வெட்டும் பெண்ணுக்கு யூனிட் எத்தனை பைசா என்பது கவலையில்லை. இன்றைய கூலி எவ்வளவு என்பதே கவலை. கட்சியின் பெயரில் "உழைப்பாளர்கள்" என்று இருந்தது. ஆனால் அந்தக் கூலிப் பெண்ணின் பிரச்சினை மின்கட்டணத்தைப் போல முழங்கப்படவில்லை என்றே நான் கருதுகிறேன். தோட்டக்காரரும் கூலிக்காரரும் ஒரே வயலில் நின்றாலும், கூலி என்ற பேச்சு வந்ததும் எதிரெதிரே நிற்க வேண்டியவர்கள். சங்கம் ஒரு பகுதியினருக்காகப் போராடலாம், அதில் தவறில்லை. கட்சியோ ஊர் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஊரில் பாதிப்பேரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாத கட்சி, ஊரின் வாக்கை எப்படிப் பெறும்?

இதைப் படிக்கும் சிலர், "அப்படியானால் அவர் கட்சி தொடங்கியதே தவறு, சங்கத்தோடு நின்றிருக்க வேண்டும்" என்று முடிவு கட்டலாம். அவர்களோடும் நான் உடன்படவில்லை. வாக்கு இல்லாத இடத்தில் கோரிக்கை பிச்சையாகிவிடும். 1984-இல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் அது விரிந்தது. விவசாயிகள் தனியாக வாக்குக் கேட்கவும் துணிவார்கள் என்ற அச்சம் பெரிய கட்சிகளுக்கு இருந்ததால்தானே அதுவும் நடந்தது? தாம் தோற்றுத் தம் கோரிக்கையை வெல்ல வைத்தார் நாயுடு என்பேன். பிரிட்டனிலும் அதுதான் நடந்தது. ஒரே ஓர் இடம் வைத்திருந்த கட்சியின் கோரிக்கையை, அதற்கு அஞ்சிய பெரிய கட்சி வாக்கெடுப்புக்கு விட்டது. அந்த முடிவு நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம்.

ஆகவே என் கருத்து இதுதான்: விவசாயி அரசியலுக்கு வரட்டும். ஆனால் கிணற்றை மட்டும் கொண்டுவராமல் ஊரையும் உடன் கொண்டுவரட்டும்.

இன்றைய கிணறு

இறுதியாக ஒன்று. எந்தத் தண்ணீருக்காக அத்தனை பேர் குண்டடி பட்டார்களோ, அந்தத் தண்ணீர் இன்று எங்கே இருக்கிறது? எங்கள் பக்கத்துத் திறந்தவெளிக் கிணறுகள் பல வற்றிக் கிடக்கின்றன. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தொட்டும் காற்றுதான் வருகிறது. தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பல்லில் கறை படிந்த குழந்தைகளைப் பார்த்த பிறகுதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது? மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை என்றானதும் மோட்டாரை நிறுத்தும் பழக்கம் நம்மை விட்டுப் போயிற்று. இதைச் சொன்னால் என் தாத்தாவுக்கே கோபம் வரும். "உயிரைக் கொடுத்து வாங்கினதுடா அது" என்பார். அதனால்தான் சொல்கிறேன். உயிரைக் கொடுத்து வாங்கியதை வீணாக்கலாமா? இலவச மின்சாரத்தைக் காக்க வேண்டும். அது இறைக்கும் நீரையும் காக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் விவசாயத் தலைவர் ஒருவர் இனிமேல்தான் வர வேண்டும்.

நண்பர்களே! நம் கல்லூரியில் படிக்கும் நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். பட்டம் பெற்று ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகவேண்டும் என்பதே நம் கனவு. அதில் குற்றமில்லை, நானும் விண்ணப்பம் எழுதத்தான் போகிறேன். ஆனால் நிலத்தைப் பற்றிய சட்டத்தைப் படிக்கவும், மின்வாரியத்தின் கணக்கைப் புரிந்துகொள்ளவும், கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கவும் வேலைக்குப் போவது தடையாகாது. திருவள்ளுவர் உழவுக்கென்று தனி அதிகாரமே வகுத்தார். மேடைதோறும் அதை மேற்கோள் காட்டுகிறோம். கிராமசபையில் மட்டும் வாய் மூடி இருக்கிறோம்.

வையம்பாளையத்தில் அரசு மணிமண்டபம் கட்டி நாயுடுவைப் பெருமைப்படுத்தியிருக்கிறது. நல்ல செயல். ஆனால் அவருக்கு உண்மையான நினைவுச் சின்னம், சங்கமும் வாக்கும் வேறு வேறு அல்ல என்று ஊர் உணரும் நாளில்தான் எழும்.

அந்தப் பச்சைத் துண்டை நான் சென்ற வாரம் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் உலர்த்தினேன். தாத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். "எதுக்குடா சாமி அது?" என்று கேட்டார். "கட்டுரை எழுதப் போகிறேன் தாத்தா" என்றேன்.

"எழுது. ஆனா தோத்தாருன்னு மட்டும் எழுதாதே" என்றார்.

எழுதவில்லை.

— மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவன்,
நல்லம்பள்ளி.